வரப்போரம் எடுத்த புழு

எங்கள் கிணறு பங்குக் கிணறு. பாதி எங்களுடையது, பாதி பக்கத்துக் கழனிக்காரருடையது. மோட்டார் ஒன்றுதான். ஒரு நாள் அவர் முறை, மறுநாள் எங்கள் முறை. கரண்ட் வராத நாள் கணக்கில் சேராது. இதெல்லாம் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அவரும் என் வீட்டுக்காரரும் கிணற்றை ஆழப்படுத்தின காலத்தில் வாயால் பேசிக்கொண்டது.

என் வீட்டுக்காரர் முதலில் போனார். அப்புறம் சில வருசம் கழித்து அவரும் போனார். அவர் மகன் நிலத்தில் சவுக்கு வைத்துவிட்டு சென்னையில் இருக்கிறான். சவுக்குக்குத் தண்ணி பெரிதாக வேண்டாம். அதனால் இப்போது எல்லா நாளும் என் முறைதான். நினைத்தபோது ஸ்விட்சைப் போடலாம். ஏன் என்று கேட்க ஆள் இல்லை.

எனக்கு அது பிடிக்கவில்லை. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். அவர்கள் அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர்கள். அதனால் ஒரு குறையும் வந்ததில்லை. வீட்டுக்காரர் இறந்த அன்று குழி வெட்ட ஆள் கூப்பிட்டது, பந்தல் போடச் சொன்னது எல்லாம் அவர்தான். அதற்கப்புறம் என் முறை நாளில் நான் கழனிக்குப் போகவில்லை. மனசில்லை. ஒரு நாள் போய்ப் பார்த்தால் என் மல்லாட்டை, அதான் வேர்க்கடலைச் செடி, ஈரத்தில் நின்றது. தன் நாளிலும் என் நாளிலும் அவரே பாய்ச்சியிருக்கிறார். வந்து சொல்லவில்லை. மண்ணைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அப்படிப்பட்ட மனிதர் என்னோடு பேச்சை விட்டார். காரணம் புழு.

மல்லாட்டை பிடுங்க ஆள் கிடைக்காமல் போனதால் நான் மக்காச்சோளம் போட்டேன். எங்கள் பக்கத்தில் அப்போது அதை யாரும் போடவில்லை. கோழித்தீனிக்கு வாங்கிப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போட்டதுதான். அண்ணனுக்கு அது பயிராகவே தெரியவில்லை.

"இன்னா தங்கச்சி, கோழிக்கு விவசாயம் பண்றியா?"

"ஆமாணா."

"கோழியே வந்து களை எடுக்குமா?"

"கேட்டுப் பாக்கறேன்."

அவர் சிரிப்பார். நான் என் வேலையைப் பார்ப்பேன். எங்கள் பேச்சு எப்போதும் அவ்வளவுதான். ஆனால் தினமும் இருந்தது.

இரண்டாம் போகத்தில் புழு விழுந்தது. இலையில் இல்லை, குருத்துக்குள். வெளியிலிருந்து பார்த்தால் மரத்தூள் கொட்டின மாதிரி இருக்கும். அது புழு போட்ட எச்சம். குருத்தைப் பிரித்தால் உள்ளே ஒரே ஒரு புழு இருக்கும். மற்ற புழுவை எல்லாம் அது தின்றிருக்கும். அப்படி ஒரு புழுவை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தது என்றார்கள். குருத்தில் மணலைப் போட்டோம், சாம்பலைப் போட்டோம். கொஞ்சம் கேட்டது, கொஞ்சம் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பொண்ணு வந்தாள். ஏதோ காலேஜில் பூச்சி படிக்கிறவள். தெற்கத்திப் பொண்ணு. செஞ்சியில் பஸ் இறங்கி, வல்லம் பக்கம் மக்காச்சோளம் போட்டிருப்பது யார் என்று விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். தோளில் பை, கையில் ஒரு ஐஸ் பெட்டி.

"அம்மா, உங்க சோளத்துல புழு இருக்காம்மா?"

"நெறைய இருக்குது."

"நான் கொஞ்சம் எடுத்துக்கலாமா?"

மருந்துக் கம்பெனிக்காரன் வந்திருக்கிறான், வியாபாரி வந்திருக்கிறான். புழு வேண்டும் என்று கேட்டு வந்தவள் இவள்தான். எடுத்துக்கோ என்றேன்.

வாரத்துக்கு ஒரு தடவை வருவாள். குருத்தைப் பிரித்துப் புழுவை எடுத்து ஒவ்வொன்றையும் தனி டப்பாவில் போடுவாள். ஒன்றாகப் போட்டால் வீடு போய்ச் சேருவதற்குள் ஒன்றுதான் மிச்சம் இருக்கும் என்றாள். சிலதை அங்கேயே விரல் நீளக் குழாயில், ஸ்பிரிட்டில் போட்டு மூடுவாள். வேலை முடிந்ததும் மோட்டார் கொட்டாய் நிழலில் உட்கார்ந்து நான் கொடுக்கிற டீயைக் குடிப்பாள். என்னிடம் பேச்சு கிடையாது என்று அவளுக்குச் சீக்கிரம் புரிந்துவிட்டது. அவளே பேசுவாள்.

"சின்னதா இருக்கறப்ப எல்லாப் புழுவும் ஒண்ணு போலத்தாம்மா இருக்கும். பெருசானாத்தான் தலையில குறி தெரியும், பின்னாடி நாலு புள்ளி தெரியும். அதுக்குள்ள பயிர் போயிரும். உள்ள இருக்கறதைப் படிச்சா முட்டையிலயே சொல்லிரலாம்."

"உள்ள இன்னா இருக்குது?"

"எழுத்து மாதிரின்னு வச்சுக்கோங்க. நாலே எழுத்து. அதுவே மாறி மாறி நீளமா வரும். ஒவ்வொரு ஜாதிப் புழுவுக்கும் வரிசை வேற."

"முழுப் புழுவும் வேணுமா படிக்கறதுக்கு?"

"ஒரு கால் போதும். அதுவே அதிகம்."

"நாலு எழுத்துன்னா எனக்கே வரும். அஞ்சாவது படிச்சிருக்கேன்."

அவள் சிரித்தாள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

ஒரு தடவை போனில் படம் காட்டினாள். நாலு நிறத்தில் மலை மாதிரி ஏறி இறங்கிக் கோடு போயிற்று. ஒவ்வொரு மலைக்கும் கீழே ஒரு எழுத்து. இதுதான் உங்கள் சோளத்துப் புழு என்றாள். புழு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எந்த மருந்துக்கு அசையாது என்பதுகூட அதில் கொஞ்சம் தெரியுமாம். நான் அதையே ரொம்ப நேரம் பார்த்தேன். என் குருத்தைத் தின்றது இவ்வளவு அழகாக எழுதி வைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அப்புறம் ஒரு பெரிய மழை பெய்தது. அதற்கு முன்னால் மழையே இல்லாமல் நல்ல காய்ச்சல். அண்ணன் நெல்லுக்கு நாற்று விட்டிருந்தார். நாற்றங்கால் என் சோளத்தை ஒட்டி, நடுவில் ஒரே வரப்பு. பச்சைப் பசேல் என்று இருந்தது. மழை விட்டு இரண்டொரு நாளில் காலையில் போய்ப் பார்த்தால் மாடு இறங்கி மேய்ந்த மாதிரி அடியோடு மொட்டையாகிக் கிடந்தது. புழு. ஒன்று இரண்டு இல்லை, கூட்டம். பகலில் மண் வெடிப்பில் ஒளிந்துகொள்ளும், இருட்டினால் வெளியே வரும். அண்ணன் தண்ணியைக் கட்டி, மண்ணெண்ணெய் ஊற்றினார். செத்தது செத்தது, மிச்சம் வரப்பேறிப் போயிற்று. நாற்றும் போயிற்று.

நான் கிணற்றடிக்குப் போனபோது அவர் நின்றுகொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

"கோழிப் பயிர்ல புழு வளத்து என் நாத்துல மேய விட்டுட்ட."

"ணா, என் புழு குருத்துல இருக்கறது. அது வேற."

"வேறயா? உன் பக்கத்துல இருந்து வரப்பைத் தாண்டி ஊர்வலமா வந்துது. நான் கண்ணால பாத்தேன். அது வேறன்னு உனக்கு யாரு சொன்னது?"

வேறா, அதுவேதானா என்று எனக்கும் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார். அதோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றாலும் கிணறு நிற்குமா? முறை மாற வேண்டும், மோட்டார் ஓட வேண்டும். எங்கள் பக்கத்தில் பேச்சு விட்டவர்கள் மூன்றாம் ஆளைப் பார்த்துப் பேசுவார்கள். ஆள் இல்லாவிட்டால் காக்காயைப் பார்த்தாவது பேசுவார்கள். அண்ணனுக்கு அவர் வெள்ளாடு இருந்தது.

"மோட்டாரு சூடா இருக்குது," என்பார் ஆட்டிடம். "ஒடனே போட்டா உள்ள காயில் கருகிடும். கொஞ்சம் ஆற விட்டுப் போட்டா நல்லது. சிலபேருக்குத் தெரிஞ்சா சரி."

ஆடு மென்றுகொண்டே கேட்டுக்கொள்ளும். நான் கேட்டுக்கொண்டு காத்திருப்பேன்.

"த்ரீ பேஸ் கரண்ட்டை மத்தியானத்துக்கு மாத்திட்டான். சிலபேரு காலையிலேயே வந்து நிக்க வேணாம்."

அண்ணிக்கு இதெல்லாம் வேடிக்கை. அண்ணன் பெண்டாட்டியைச் சொல்கிறேன். அவர் என்னோடு பேச்சை விடவில்லை.

"இன்னா நாத்தனாரே," என்பார், "வூட்ல எங்கிட்ட பேசறதைவிட அந்த ஆட்டுகிட்டத்தான் அதிகம் பேசறாரு. அது குட்டி போட்டா குட்டியே மோட்டார் ஓட்டும்."

எனக்குச் சிரிப்பு வரும். வீட்டுக்கு வந்ததும் போய்விடும். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. வீட்டுக்காரர் பக்கம் உறவு எல்லாம் தூரம். கழனியில் எனக்கு ஏதாவது ஆனால் ஓடி வர இருந்தது அந்த ஒரு ஆள்தான். என் புழு இல்லை என்று தெரிந்தால் அவர் பேசிவிடுவார் என்று நினைத்தேன். என் புழுதான் என்றால் அதற்கும் ஒரு வழி பார்க்கலாம். இரண்டும் தெரியாமல் ஆட்டைக் கேட்டுக்கொண்டு காலம் ஓட்ட என்னால் முடியாது.

பொண்ணு வந்தபோது சொன்னேன். அவள் வரப்பைத் தாண்டிப் போய் நாற்றங்காலைப் பார்த்தாள். புழு இல்லை. மண்ணில் புகுந்துவிட்டது.

"பாத்தா நெல்லுல வர்ற படைப்புழு மாதிரி இருக்கும்மா. மக்காச்சோளத்துப் புழு இப்படிக் கூட்டமா நாத்துல வர்றது அரிது. ஆனா நான் கண்ணால பாக்காம சொல்ல மாட்டேன்."

அண்ணன் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த தடவை அவள் வந்ததும் மோட்டார் கொட்டாயிலிருந்து ஒரு குவார்ட்டர் பாட்டிலைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். உள்ளே கருப்பாக ஏதோ மிதந்தது.

"இன்னாங்கய்யா இது?" அவளும் இன்னா சொல்லப் பழகியிருந்தாள்.

"புழும்மா. நாத்துல அன்னிக்கே கண்ணெதிர்ல புடிச்சது. நீ சாராயத்துல போடறேன்னு வூட்ல சொன்னா. அதான் போட்டு வச்சேன்."

அவள் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். பிராந்தி.

"ஐயா, இது பத்தாது. இன்னும் ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கணும்."

"இதுக்கு மேல ஸ்ட்ராங்கு கடையில இல்லம்மா."

அண்ணி பின்னாலேயே வந்துவிட்டார். "ஒரு குவார்ட்டரு வாங்கனாரும்மா. பாதி இவருக்கு, பாதி புழுவுக்கு. இவரு நல்லா தூங்கனாரு. புழு இன்னா பண்ணுச்சோ."

"சும்மா இருடி."

"எனக்கு ஒரு சோடா வாங்கித் தந்தது கெடையாது. புழுவுக்கு பார்ட்டி."

பொண்ணு சிரிப்பை அடக்கிக்கொண்டு பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்தாள். முயற்சி பண்ணுகிறேன் என்றாள். எனக்கு மனசு லேசானது. நாற்றில் பிடித்தது, அவர் கையால் பிடித்தது. அது என்ன சொல்கிறதோ சொல்லட்டும்.

ஒரு வாரம் கழித்து வந்தவள் முகம் சரியில்லை.

"வரலம்மா. தகரக் கொட்டாய்ல வெய்யில்ல வச்சிருந்தார்ல, பிராந்தி வேற. உள்ள இருந்த எழுத்தெல்லாம் துண்டு துண்டா உடைஞ்சு போச்சு. படிக்க முடியல."

அவரிடமும் போய் அதையே சொன்னாள். அண்ணன் கேட்டுக்கொண்டார். அவள் இந்தப் பக்கம் திரும்பினதும் ஆட்டின் கயிற்றை அவிழ்த்தார்.

"பாத்தியா," என்றார் ஆட்டிடம். "ஒருத்தரு வூட்டு டீயைக் குடிச்சிட்டு அவங்களுக்கு எதிரா எப்படி சொல்லும்? வரலன்னுதான் சொல்லும். நீயா இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவ."

பொண்ணுக்குக் கேட்டுவிட்டது. முகம் சுண்டிப்போயிற்று. எனக்கும்தான். அவள் பொய் சொல்கிற பொண்ணு இல்லை. ஆனால் அவர் கண்ணால் பார்த்தது அவருக்கு இருக்கிறது. அதற்கு நான் என்ன சொல்வது?

"இன்னும் எடுக்கலாமா?" என்று கேட்டேன்.

"புழு போயிருச்சே. மண்ணுக்குள்ள கூட்டுப்புழுவா இருக்கும். நெல்லுது, சோளத்துது ரெண்டும் அப்ப பார்வைக்கு ஒண்ணு போலத்தான் இருக்கும். ஆனா படிச்சா தெரியும். பூச்சியாகிப் பறக்கறதுக்குள்ள தோண்டணும்."

"அவரே தோண்டட்டும்," என்றேன். "நீ தொடாத. அவரே எடுத்து, அவரே குழாயில போட்டு, அவரே மூடட்டும். நீ ஸ்பிரிட்டு மட்டும் குடு."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, அது நல்லது என்றாள். என் சோளத்திலிருந்தும் அதே மாதிரி எடுத்து ஒரே பெட்டியில் போகட்டும் என்றாள். குழாய் மேல் எங்கே எடுத்தது என்று அவள் மட்டும் எழுதுவாள்.

அண்ணியை விட்டுச் சொல்லச் சொன்னேன். அண்ணன் ஒத்துக்கொண்டார். எனக்குச் சொல்லவில்லை. ஆடு சொல்லிற்று.

மறுநாள் காலை பொண்ணும் வந்துவிட, அண்ணனோடு மூன்று பேரும் நாற்றங்காலில் இறங்கினோம். தண்ணி வடிந்து மண் அப்பளம் மாதிரி வெடித்திருந்தது. வெயில் செஞ்சிக் கோட்டை மலை மேல் ஏறி இந்தப் பக்கம் இறங்கிவிட்டது. அண்ணன் களைக்கொத்தியால் வெடிப்பை நெம்பி நெம்பிப் பார்த்தார். நான் வேறு மூலையில் தோண்டினேன். கிடைத்தால் தொடாமல் கையைக் காட்டுவேன். அவர் வந்து எடுப்பார். பேரீச்சங்கொட்டை மாதிரி, செம்பழுப்பு, விரலில் வைத்தால் வாலை ஆட்டும்.

ஒரு தடவை நான் காட்டின இடத்தில் அவர் குனிந்தபோது தலை தலையோடு முட்டியது. இரண்டு பேரும் தலையைத் தடவிக்கொண்டு தோண்டினோம். பொண்ணு பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

நாற்றங்காலில் கொஞ்சம் கிடைத்தது. கடைசியில் அண்ணன் வரப்போரம் வந்து புல்லடியில் தோண்டினார். புழு தாண்டி வந்தது என்று அவர் சொன்ன இடம் அதுதான். அங்கேயும் இரண்டு மூன்று இருந்தது. ஒவ்வொன்றையும் குழாயில் போட்டுத் திருகி மூடி, மூடிக்கு மேல் இன்னும் ஒரு திருகு திருகினார். பொண்ணு, போதும் ஐயா உடைந்துவிடும் என்றாள்.

பெட்டியை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. மீன் கடையில் ஐஸ் வாங்கி நிரப்பி, தன் கயிற்றால் கட்டி, மொபெட்டில் முன்னால் வைத்துக்கொண்டு செஞ்சிக்குக் கிளம்பினார். பொண்ணு பின்னால் உட்கார்ந்தாள். பெட்டியில் என் புழுவும் இருக்கிறது. நானும் அண்ணியும் பஸ்ஸில் போனோம்.

அன்றைக்கு அமாவாசை. அது எங்களுக்கு ஞாபகமே இல்லை. அண்ணிக்குக் கோயிலுக்குப் போக வேண்டும் என்பதுகூடப் பஸ் ஸ்டாண்டைப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது. நிற்க இடமில்லை. எல்லாப் பஸ்ஸும் மேல்மலையனூர் போகிற பஸ். மஞ்சள் புடவை, எலுமிச்சம்பழம், குழந்தை குட்டி. காலேஜுக்குப் போக அவளுக்கு வேண்டிய விழுப்புரம் பஸ் வரவே இல்லை. ஐஸ் உருகிச் சொட்டத் தொடங்கியது. அண்ணன் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணி அவர் தோளில் விழுந்தது.

அண்ணி முந்தானை முடிச்சிலிருந்து போன அமாவாசைக் குங்குமத்தை எடுத்துப் பெட்டி மூடியில் வைத்தார். "தாயே, எதுவோ அதைச் சொல்லிடு," என்றார். நான் மனசுக்குள் ஒரு சிலுவை போட்டுக்கொண்டேன். சாமி இரண்டு பக்கமும் இருந்தது. புழு நடுவில் இருந்தது.

ஒரு வழியாக விழுப்புரம் பஸ் வந்தது. கண்டக்டர் பெட்டியைப் பார்த்தார்.

"இன்னாது, மீனா? நாறும், மேல ஏத்தாத."

"புழு," என்றார் அண்ணன்.

"இன்னா புழு?"

"அதைக் கண்டுபுடிக்கத்தான் போவுது."

கண்டக்டர் அவர் முகத்தைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார். "உயிரோட இருக்குதா?"

"செத்ததுதாண்ணே," என்றாள் பொண்ணு.

"செத்ததுக்கு டிக்கெட் கெடையாது. ஏறும்மா."

புழு என்று கேட்டதும் இரண்டு பேர் எழுந்து நகர்ந்தார்கள். அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. பஸ் திரும்புகிறவரை அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் அண்ணியை மேல்மலையனூர் கூட்டத்தில் ஏற்றிவிட்டு, என் பக்கம் பார்க்காமல் மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார். பெட்ரோல் பங்க் தாண்டி நிறுத்தினார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் கிட்டே போனேன்.

"வண்டியில எடம் இருக்குது," என்றார் கண்ணாடியைப் பார்த்து. "இந்தக் கூட்டத்துல ஊர் பஸ்ஸு எப்ப வருமோ. ஏறறவங்க ஏறலாம்."

ஏறிக்கொண்டேன்.

அவர் வேறு ஊரிலிருந்து நாற்று வாங்கி, நாள் தள்ளி நட்டார். நடவில் நானும் போய் நின்றேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. சோளம் கதிர் வாங்கியது. ஆடு குட்டி போட்டது. போன் அடிக்கும்போதெல்லாம் அவளா என்று பார்ப்பேன். நெட் ஆபர் என்று ஒரு குரல் வரும்.

ஒரு சாயந்திரம் அவளே கூப்பிட்டாள்.

"அம்மா, வந்துருச்சு. எல்லாமே நல்லா வந்துருச்சு. ஐயா நாத்தங்கால்ல எடுத்தது அத்தனையும் நெல்லுப் படைப்புழு. அது காலங்காலமா நம்ம ஊர்ல இருக்கறதுதான். உங்க சோளத்துப் புழு இல்ல."

கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆனா ஒண்ணும்மா," என்றாள். குரல் இறங்கிவிட்டது. "வரப்போரம் எடுத்ததுல ஒண்ணே ஒண்ணு மட்டும் மக்காச்சோளத்துப் புழு. கூட்டுப்புழு ஆகறதுக்கு மண்ணைத் தேடி உங்க சோளத்துல இருந்து எறங்கி வந்திருக்கும். நாத்தை அது தின்னிருக்காது. நான் ஐயாகிட்ட எப்படிச் சொல்லட்டும்? நாத்தங்கால்னு கேட்டார், நாத்தங்கால்ல இல்லன்னு மட்டும் சொன்னாலும் பொய் இல்ல."

அவள் எனக்காகத்தான் சொன்னாள். நல்ல பொண்ணு. அந்த ஒன்றை அவளும் நானும் விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது.

"நான் சொல்லிக்கறேன்," என்றேன்.

மறுநாள் அவர் முறை. கிணற்றடியில் இருந்தார். அண்ணி வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அண்ணன் ஆட்டைத் தேடினார். அது தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தது.

"அந்தப் பொண்ணு போன் பண்ணுச்சி," என்றேன். "நாத்தங்கால்ல எடுத்தது எல்லாம் நெல்லுப் புழுவாம். பழைய புழுவாம். என்னுது இல்லியாம்."

அவர் மோட்டாரைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகம் இறுகியது. அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. இப்படியே விட்டால் இவர் இனி ஆட்டிடம்கூடப் பேச மாட்டார். தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ஒதுங்கிப் போய்விடுவார். வெட்கம் கோபத்தைவிட நாள் ஓடும்.

"வரப்போரம் எடுத்ததுல ஒண்ணு மட்டும் என்னுதாம்," என்றேன்.

அவர் திரும்பினார். நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"ஒண்ணா?"

"ஒண்ணுதான்."

"எந்த எடம்?"

"புல்லடியில."

"நான் தோண்டனதுதானே அது?"

"நீதாணா."

"ஒண்ணு வந்துதில்ல? வரப்பைத் தாண்டி வந்துதா இல்லியா? கண்ணால பாத்தேன்னு சொன்னேனே, கேட்டியா நீ?"

"கேக்கலணா."

அண்ணி அரிவாளைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஒத்தப் புழு நாத்தங்காலையே மேஞ்சிடுச்சாமா? அது புழுவா, எருமை மாடா?"

"நீ சும்மா இருடி. நான் தங்கச்சிகிட்ட பேசிக்கினு இருக்கேன்." அவர் என் பக்கம் ஒரு அடி வந்தார். "மேஞ்சதை உடு. அது எந்தப் புழுவோ மேஞ்சிட்டுப் போவட்டும். வந்துதா இல்லியா, அதைச் சொல்லு."

"வந்துது."

"அவ்ளோதான். நான் அதைத்தான் சொன்னேன். அன்னிலேர்ந்து அதைத்தான் சொல்லிக்கினு இருக்கேன்."

அதற்கப்புறம் அவர் நிறுத்தவில்லை. எப்படித் தோண்டினார், அதை எடுக்கும்போது வாலை எப்படி ஆட்டியது, அது மற்றதைப் போல இல்லை என்று அப்போதே தனக்குத் தோன்றியது, நாற்று வாங்கின ஊரில் மருந்துக்காரன் என்ன சொன்னான், ஆட்டுக்குட்டிக்கு ஒரு கண் சரியில்லை, காட்ட வேண்டும், என் சோளம் சாய்ந்திருக்கிறது, தண்டுக்கு மண் அணைக்க வேண்டும். அத்தனை நாள் சேர்த்து வைத்ததை எல்லாம் சொன்னார். அண்ணி புல் கட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

நடுவில் ஒரு தடவை, "உன் சோளம் காயுது பாரு, இன்னிக்கு உன் பக்கம் திருப்பிக்கோ, என்னுது நாளைக்கு பாத்துக்கலாம்," என்றார். சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.

நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கினேன். அவர் கரையில் கூடவே நடந்து வந்தார், பேசிக்கொண்டே.